பணம் கட்டி வகுப்பா, பெயர் இல்லாமல் வசன உதவியா?

வாசகர் கேள்வி:

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. சில வருடங்களாக ஒரு கதைச் செயலியில் தொடர்கதை எழுதி வருகிறேன். தினமும் காத்திருந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள். டி.வி. சீரியலுக்குத் திரைக்கதை, வசனம் எழுத வேண்டும் என்பது என் ஆசை. இப்போது இரண்டு வழிகள் தெரிகின்றன. சென்னையில் ஒரு பயிற்சி மையம் மூன்று மாத ஆன்லைன் வகுப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறது. முடித்தால் சேனலில் வாய்ப்பு உறுதி என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சீரியலின் வசனகர்த்தா, "வீட்டிலிருந்தே எனக்கு சீன் எழுதிக் கொடும்மா, ஆறு மாதம் சம்பளம் கிடையாது, பெயரும் வராது, தொழிலைக் கத்துக்கலாம்" என்கிறார். எதில் சேரலாம்? கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தால்தான் நடக்குமா? நான் எழுதிய ஒரு காட்சியையும் இணைத்திருக்கிறேன், அக்கா.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

85,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். வசனகர்த்தாவிடம் போகலாம், ஆனால் அவர் சொன்ன கணக்கில் அப்படியே போக வேண்டாம். நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு சீனும், அவர் திருத்திய பிறகு, திருத்தியது தெரியும்படி உங்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சம்பளம், டைட்டிலில் பெயர் எல்லாம் முக்கியம்தான், அவற்றுக்கும் வருகிறேன். இந்த ஒன்றுக்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆறு மாதம் உழைத்தாலும் நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். அவருடைய பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், வேலை நடக்கிற விதம் அப்படி. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக நமக்குக் கிடைப்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். வாரத்துக்கு ஆறு எபிசோடு என்று வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்சி வேண்டும். ஒரு முழுப் படத்தின் நீளத்தை ஒவ்வொரு வாரமும் எழுதுகிறோம், வருடம் முழுக்க. ஒருவரால் முடிகிற வேலை இல்லை. அதனால்தான் டைட்டிலில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்று வருகிறது. டிஸ்கஷனில், அதாவது கூடி உட்கார்ந்து கதை பேசும்போது, அடுத்த சில வாரங்களுக்கான டிராக் (கதை போகிற பாதை) பேசி முடிவாகும். சேனல் தரப்பு அதைப் பார்த்து மாற்றம் சொல்லும். அதிலிருந்து எபிசோடு வாரியாக ஒன்லைன் பிறக்கும், அதாவது எந்த சீனில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றிரண்டு வரி. அந்த ஒன்லைனை வைத்துக்கொண்டுதான் வசனகர்த்தா சீன் பேப்பர், அதாவது வசனத்தோடு முழுக் காட்சி, எழுதுகிறார்.

அதோடு முடிவதில்லை. எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வியாழக்கிழமை வருகிறது. குறைந்திருந்தால் டிராக் மாறும். மாமியாராக நடிப்பவருக்கு வேறு தொடரில் கால்ஷீட் போய்விட்டது என்று காலை எட்டு மணிக்கு போன் வரும். அவர் இருக்க வேண்டிய மூன்று சீனை அவர் இல்லாமல் மாற்றி, மதியத்துக்குள் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு அனுப்ப வேண்டும். நேற்று எழுதிய வசனத்தின் பாதியை இயக்குநர் வெட்டியிருப்பார். ஏன் வெட்டினார் என்பது தெரிந்தால் அடுத்த சீனில் அந்தப் பாதியை நீங்களே எழுத மாட்டீர்கள். தெரியாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் அதையே எழுதிக்கொண்டிருப்பீர்கள். இந்தத் தொழிலில் பாடம் நடப்பது அந்த வெட்டில்தான்.

இப்போது அந்த மையம். நான் வகுப்புகளுக்கு எதிரி இல்லை. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த பட்டப்படிப்பே இருக்கிறது. கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் மின்னணு, டிஜிட்டல் ஊடகத்துக்கு எழுதுவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் குறுகிய காலத் திரைக்கதைப் பயிற்சிகளும் நடத்துகிறது. பிளஸ் டூ முடித்த பெண் கேட்டிருந்தால் தரமணிக்கு விண்ணப்பம் போடு என்று சொல்லியிருப்பேன். உங்கள் நிலை வேறு. கையில் வேலை இருக்கிறது, தினமும் எழுதிப் பழகிய கை இருக்கிறது, காத்திருக்கிற வாசகரைத் தெரியும். உங்களுக்கு வேண்டியது கதை என்றால் என்ன என்ற பாடம் இல்லை.

"வாய்ப்பு உறுதி" என்ற சொல்லைக் கேட்டதுமே ஒதுங்கிவிடுங்கள். ஒரு தொடருக்கு யார் எழுதுவது என்பதைத் தயாரிப்பாளரும் இயக்குநரும் சேனலும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த மூன்று பேர் சார்பில் ஒரு பயிற்சி மையம் வாக்குக் கொடுக்க முடியாது. இதே மையமோ வேறு மையமோ, நாளைக்கு யார் அழைத்தாலும் சிலவற்றைக் கேளுங்கள். பாடம் நடத்துபவர் இப்போது எந்தத் தொடருக்கு எழுதுகிறார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? என்னுடைய எத்தனை சீனை அவர் தன் கையால் படித்துத் திருத்தித் தருவார்? முன்பு படித்தவர்களில் யாருடைய பெயரை டைட்டிலில் பார்க்கலாம்? நாலுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். பதிலுக்குப் பதில் சான்றிதழைப் பற்றிப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். வசனம் எழுத வந்தவரிடம் இங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, ஒரு சீன் எழுதிக் காட்டச் சொல்வார்கள்.

சரியான பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் சொல்கிறேன். பிரிட்டனில் பி.பி.சி. 2005-ல் ஜான் யார்க் என்பவர் தலைமையில் எழுத்தாளர் அகாடமி ஒன்றைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த சிலருக்குப் பணம் கொடுத்துப் பாடம் நடத்தி, பிறகு ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களிலேயே எபிசோடு எழுத வைத்தார்கள். அங்கே பகலில் ஒளிபரப்பான 'டாக்டர்ஸ்' என்ற தொடர் புதியவர்களுக்குப் பெரிய வாசலாக இருந்தது. அதன் எபிசோடில் தொடர்ந்து போகும் குடும்பக் கதையோடு, அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிகிற ஒரு நோயாளியின் கதையும் இருக்கும். அந்தச் சின்னக் கதையைப் புதியவரை நம்பிக் கொடுக்கலாம், தவறினாலும் மொத்தத் தொடர் கவிழாது. 2000-ல் தொடங்கிய அந்தத் தொடர் 2024-ல் நின்றபோது அங்குள்ள எழுத்தாளர்கள் வருந்தியதற்கு, புதியவர் பழகும் இடம் ஒன்று போகிறதே என்பதும் காரணம். அமெரிக்காவில் 2023-ல் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதிலும் இது ஒரு கோரிக்கை. ஒரு தொடரின் எழுத்தாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் அறையைச் சுருக்கி, படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தாளரை அனுப்பிவிட்டால் அடுத்த தலைமுறை எங்கே போய்ப் பழகும் என்று கேட்டார்கள். எழுதும் அறையில் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற விதி புதிய ஒப்பந்தத்தில் வந்தது.

நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. நம்முடையது முழுக்க முழுக்க ஆளைப் பிடித்து வளர்கிற தொழில். அதனால் யாரைப் பிடிக்கிறோம், என்ன பேசிக்கொண்டு பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த வசனகர்த்தாவிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். "சார், ஆறு மாசம் வேண்டாம், மூணு மாசம் பழகுறேன். அதுக்கப்புறம் எபிசோடு கணக்குல ஏதாவது போட்டுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். வசனகர்த்தாவுக்குச் சம்பளமே எபிசோடு கணக்கில்தான் வருகிறது. அதில் ஒரு பங்கு உதவிக்குக் கொடுப்பது இங்கே வழக்கத்தில் உள்ளதுதான், கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஸ்பாட்டுக்கு வரச் சொன்னால் பேட்டாவும் (தினப்படி) போக்குவரத்துச் செலவும் கேளுங்கள். வாரம் ஒரு டிஸ்கஷனையாவது போனிலோ ஜூமிலோ கேட்க அனுமதி வாங்குங்கள், பேசக்கூட வேண்டாம், கேட்டாலே போதும். டைட்டிலில் "வசன உதவி" என்று எப்போது போடுவார் என்பதையும் கேளுங்கள். இவ்வளவும் பேசியபின் வாட்ஸ்அப்பில், "சார், இன்னைக்குப் பேசினபடி" என்று நாலு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். நல்ல மனிதர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அவரைப் பற்றி முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டீர்கள் என்று நகர்ந்துவிடலாம்.

ஒன்று கேட்க விட்டுப்போகும், அது என்ன தொடர் என்று பாருங்கள். ரீமேக் என்றால் இன்னும் நல்லது. 'பாக்கியலட்சுமி'க்கு மூலம் 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடர், இந்தி 'அனுபமா'வுக்கும் அதுவேதான் மூலம். ஒரே கதை மூன்று ஊரில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. கதை தயாராக இருப்பதால் புதியவருக்குத் தலைச்சுமை பாதி குறைகிறது. அங்கே ஒரு பெண் இப்படிப் பேசினாள், நம் வீட்டில் இதை எப்படிப் பேசுவோம் என்று ஒவ்வொரு சீனிலும் யோசிக்கிற பழக்கம் வந்துவிடும்.

இனி நீங்கள் அனுப்பிய காட்சி. கல்யாணி தன் வளையலை அடகு வைத்து நாத்தனார் சுதாவின் கல்லூரி ஃபீஸைக் கட்டியிருக்கிறாள். மாமியார் கையில் அடகு ரசீது கிடைக்கிறது. நல்ல இடம், ஒரு வாரம் ஓட்டலாம். நீங்கள் எழுதியிருப்பது இது:

"அத்தை, போன மாசம் சுதாவோட காலேஜ் ஃபீஸ் கட்டப் பணம் இல்லாம நீங்க ராத்திரியெல்லாம் தூங்காம கஷ்டப்பட்டீங்களே, அதைப் பாக்க முடியாமதான் உங்களுக்குத் தெரியாம என் அம்மா போட்ட வளையலை அடகு வச்சேன். நான் எங்க அம்மா வீட்டுக்குப் பணம் கொடுக்கல அத்தை!"

வாசகர் போனில் படிக்கும்போது இது உருக்கமாகத்தான் இருக்கும். சீரியலில் இந்த ஒரு பேச்சில் நீங்கள் ஒரு வாரக் கதையைச் செலவழித்துவிட்டீர்கள். சந்தேகம் வந்ததும் விளக்கம் வந்துவிட்டது. மாமியாருக்கு இனி மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தவிர, சுதாவுக்கு உண்மை தெரியும் என்று முந்தைய காட்சியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்தக் காட்சியில் சுதாவே இல்லை. உண்மை தெரிந்தும் வாய் திறக்காத ஆளை ஏன் வெளியே அனுப்பினீர்கள்? அவள்தான் இந்தக் காட்சியின் முதலீடு.

நான் இப்படி எழுதுவேன். ஹால், பகல். ஊரிலிருந்து பெரியம்மா வந்திருக்கிறார். கல்யாணி காபி கொண்டு வருகிறாள். சுதா ஓரமாக நிற்கிறாள். ரசீது கிடைத்ததை மாமியார் யாரிடமும் சொல்லவில்லை, நமக்கு மட்டும் தெரியும்.

மாமியார்: கல்யாணி, உங்கம்மா போட்டாங்களே அந்த வளையல், எடுத்துப் போட்டுக்கிட்டு வா. பெரியம்மா பாக்கணுமாம்.

கல்யாணி: பீரோ சாவி... உங்ககிட்ட இருக்கு அத்தை.

மாமியார் (முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டி): இந்தா.

கல்யாணி சாவியைப் பார்க்கிறாள். மாமியார் கல்யாணியைப் பார்க்கிறார். சுதா தலையைக் குனிகிறாள். ஃப்ரீஸ், அதாவது படம் அப்படியே உறைந்து எபிசோடு முடிகிறது.

வளையலைப் பற்றிய உண்மையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்க்கிறவருக்கு மூன்று கேள்வி இருக்கிறது. கல்யாணி பீரோவைத் திறக்கப் போவாளா, பொய் சொல்வாளா, சுதா வாயைத் திறப்பாளா. சுதா திறக்காவிட்டால் அவளும் கல்யாணியும் தனியாகச் சந்திக்கிற சீன் கட்டாயம் வேண்டும், அது அடுத்த எபிசோடு. தயாரிப்புப் பக்கமும் பாருங்கள். ஒரே ஹால், நாலு ஆர்ட்டிஸ்ட், பெரியம்மாவுக்கு ஒருநாள் கால்ஷீட் போதும். காம்பினேஷன், அதாவது நடிகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், கிடைக்காமல் சீன் தள்ளிப்போகாது. இந்தக் காட்சியைப் பெரியம்மா இல்லாமல், மூன்றே பேருக்கு மறுபடி எழுதிப் பாருங்கள். முதல் நாள் வேலைக்குப் போனாலே அப்படி ஒரு மாற்றம் கேட்பார்கள்.

வசனத்தின் நீளம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தொடர்களில் நடிக்கிறவர்களில் பலருக்குத் தாய்மொழி கன்னடம், மலையாளம், தெலுங்கு. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று வரி வரியாக பிராம்ப்ட் பண்ணுவார், அவர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள், பிறகு டப்பிங்கில் வேறு குரல் வரும். உங்களுடைய அந்த முதல் வாக்கியத்தை பிராம்ப்டிங்கில் சொல்லிப் பாருங்கள், மூன்று துண்டாக உடையும், உடைகிற இடத்தில் உணர்ச்சி விழும். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற வரியாக எழுதிப் பழகுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து பிராம்ப்ட் பண்ணச் சொன்னால் இன்னும் நல்லது.

வசனகர்த்தா பதில் சொல்லும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை. தினமும் எபிசோடு முடிந்ததும் அதன் ஒன்லைனை எழுதுங்கள். எந்த சீனில் விளம்பர பிரேக் விட்டார்கள், எந்த முகத்தில் ஃப்ரீஸ் வைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் இந்த செட்டில் எத்தனை வீடு, எந்த நடிகருக்கு வாரத்தில் எத்தனை நாள் கால்ஷீட் என்பதெல்லாம் உங்களுக்கே புலப்படத் தொடங்கும். பிறகு சனிக்கிழமை எபிசோடைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை எபிசோடின் ஒன்லைனை நீங்களே எழுதி வையுங்கள். திங்கட்கிழமை வந்ததோடு ஒப்பிடுங்கள். அவர்கள் எழுதியதைவிட உங்களுடையது நன்றாக இருக்கிற நாளும் வரும். அந்த ஒன்லைனுக்கு முழு சீன் பேப்பர் எழுதிப் பத்திரமாக வையுங்கள், யாராவது மாதிரி கேட்டால் கொடுக்க உதவும்.

கதைத் திருட்டுப் பயம் நியாயமானதுதான், ஆனால் சட்டம் எதைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துகொண்டு பயப்படுங்கள். வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. மருமகள் அடகு வைக்கிறாள் என்ற கருவை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதை நீங்கள் பாத்திரமும் சம்பவமும் வரிசையுமாக விரித்து எழுதியிருந்தால் அந்த எழுத்து உங்களுடையது. அதனால் சொந்தக் கதை எதையும் வாயால் சொல்லாதீர்கள். முழுதாக எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ, மும்பையிலுள்ள திரைக்கதை எழுத்தாளர்கள் சங்கத்திலோ உறுப்பினராகிப் பதிவு செய்துவிட்டு, பிறகு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியோடு சாட்சி இருக்கும். 2018-ல் 'சர்கார்' படத்தின் கதை யாருடையது என்று எழுந்த விவகாரம் ஞாபகம் இருக்கலாம். உதவி இயக்குநர் ஒருவர் தம் கதையைப் பல வருடம் முன்பே சங்கத்தில் பதிந்து வைத்திருந்ததால்தான் அவருடைய முறையீடு நின்றது, படத்தில் அங்கீகாரமும் கிடைத்தது.

வசன உதவியாக நீங்கள் எழுதுகிற சீன்கள் வேறு கணக்கு. அந்தக் கதையும் பாத்திரங்களும் உங்களுடையவை அல்ல, அவற்றுக்கு உரிமை கோர முடியாது. நாளைக்கு நேரடியாக உங்கள் பெயரில் ஒப்பந்தம் வரும்போது மட்டும் நிதானமாகப் படியுங்கள். 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றித்தர முடியும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா என்றும்தான் பொருள். இதனால்தான் கம்பெனிகள் "எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், எல்லா மொழிக்கும்" என்று எழுதி நீட்டுவார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இங்கிருந்து தெலுங்கு, மலையாளம், இந்தி என்று போனதைப் பார்த்தீர்கள். மொழிமாற்று உரிமைக்குத் தனித்தொகை கேட்கலாம். புதியவருக்கு உடனே கொடுத்துவிட மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். கேட்டவர் என்று ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சென்னைக்கு இப்போது வர வேண்டாம். சீன் பேப்பர் வாட்ஸ்அப்பில் போகிறது, டிஸ்கஷன் பாதி போனில் நடக்கிறது. வசனகர்த்தாக்கள் பலர் வீட்டிலிருந்துதான் எழுதுகிறார்கள். ஆனால் ஸ்பாட்டைப் பார்க்காமல் எழுதக் கூடாது. மே மாத விடுமுறையில் ஒரு வாரம் வாருங்கள். வளசரவாக்கம், சாலிகிராமம், போரூர் பக்கம் ஷூட்டிங் வீடுகள் இருக்கின்றன. உங்கள் வசனகர்த்தாவிடம் சொல்லி, இயக்குநர் அனுமதியோடு மானிட்டருக்குப் பின்னால் உட்காருங்கள். உங்கள் கையில் அன்றைய சீன் பேப்பர் இருக்கட்டும். நடிகர் எந்த வரியில் தடுமாறுகிறார், இயக்குநர் எந்த வரியை ஸ்பாட்டிலேயே அடிக்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். பெண் தனியாக வருவதால் வீட்டில் யோசிப்பார்கள். தங்குவதற்கு உறவினர் வீடு இருந்தால் அங்கேயே தங்குங்கள். கதை பேச என்று இரவில் தனியாக ஹோட்டல் அறைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். டிஸ்கஷன் ஆபீஸில், பகலில், நாலு பேர் இருக்கும்போதுதான் நடக்கும்.

வேலையை விடுவது பற்றி, உங்கள் பெயரில் ஒரு தொடர் வந்து, நாலைந்து மாதம் சொன்ன தேதியில் பணமும் வந்த பிறகு யோசிக்கலாம். ரேட்டிங் சரிந்தால் தொடரை இரண்டு வார அவகாசத்தில் முடிக்கச் சொல்வார்கள், அடுத்தது கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியைத் தாங்குகிற அளவு வங்கியில் சேமிப்பு இருக்கட்டும். அதுவரை பள்ளிச் சம்பளம் உங்களை யாரிடமும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட விடாது.